இறக்கிப் பார்த்தல்

ஏற்றுவதை யாரும் செய்வார்கள்.
ஒரு கட்டளை, ஒரு 'ஆம்',
நாலு நிமிஷம் ஓடும் எழுத்துகள்.
எனக்குச் சம்பளம் அதற்கில்லை.
ஏற்றியதை இறக்கி,
இறக்கியது பழையபடி நிற்கிறதா என்று பார்ப்பதற்கு.

ஜுபைல். வியாழன் இரவு, மணி ஒன்றே முக்கால்.
வெளியே காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும்;
உள்ளே பதினெட்டு டிகிரியில் ஸ்வெட்டரோடு நான்.
கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில்
குழாய் அழுத்தத்தைக் கணக்கெழுதும் மென்பொருள்
நாலு புள்ளி இரண்டிலிருந்து மூன்றுக்குப் போக வேண்டும்.
முதலில் என் சோதனை எந்திரங்களில்:
நெத்திலி, வாளை, சங்கரா.
பெயர் வைத்தது நான்தான், யாரும் கேட்கவில்லை.

நெத்திலி ஏறியது, இறங்கியது, ஒரு வார்த்தை பேசவில்லை.
வாளை, ஏதோ ஒரு லைப்ரரி குறைகிறதென்று முரண்டு பிடித்து
பிறகு வழிக்கு வந்தது.
சங்கராதான்.
இறங்கிவிட்டேன் என்றது,
பதிப்பு எண்ணைக் கேட்டால் இரண்டு என்றது,
எழுப்பினால் எழவில்லை.

தோண்டிப் பார்த்தேன்.
அமைப்புக் கோப்பை மூன்று தன் பாஷையில் திருத்திவிட்டுப் போயிருக்கிறது.
இரண்டு அதன் முதல் வரியிலேயே தடுக்கி விழுகிறது.
கூடவே யாரும் உள்நுழையாத ஒரு பயனர் கணக்கு,
காலியாக ஓர் அடைவு.
குறித்துக்கொண்டேன்:
இறக்கம் முழுமையில்லை.

இரண்டரைக்கு ஜெபஸ்தியான் வந்தார்,
கையில் இரண்டு காகிதக் குவளை.
போன வருஷம் அவரை ஷிப்ட் சூப்பர்வைசர் ஆக்கினார்கள்.
இக்காமாவில் தொழில் மாறியது, சட்டையில் தைத்த பட்டை மாறியது.
ப்ராஜெக்ட் முடிந்த மார்ச்சில்
மறுபடி டெக்னீஷியன்.
சம்பளம் சில்லறை பிசகாமல் பழைய எண்ணுக்கே வந்தது,
அதில் மட்டும் ஒரு பிழையும் இல்லை.
கழுத்தில் தொங்கும் அட்டையை மறந்துவிட்டார்கள்.
மூன்றாம் மாடிக் கதவு
இன்னும் அவருக்குப் பச்சை காட்டுகிறது.
இந்தக் கட்டிடத்தில்
ஏலக்காய் போட்ட கஹ்வா அங்கே மட்டும்தான்.

"என்ன, எறங்கிருச்சா?"
"பாதி."
"மிச்சத்த என்ன செய்வ?"
"தொடைக்கணும்."
திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஒரு குவளையை என் பக்கம் நகர்த்திவிட்டு
பம்ப் அறைக்குப் போனார்.

கணக்கை அழித்தேன். அடைவை அழித்தேன்.
பழைய கோப்பைத் திரும்ப வைத்தேன்.
மூன்று பத்துக்குச் சங்கரா எழுந்து
அழுத்தம் ஐம்பத்தெட்டு என்று எழுதத் தொடங்கியது.

அறிக்கையின் கடைசிக் கட்டம் கேட்டது:
வேறு எச்சங்கள் ஏதேனும் தென்பட்டனவா?

இல்லை என்று தட்டினேன்.
குவளையின் அடியில்
மஞ்சளாக, ஈரமாக,
ஏலக்காய்த் தூள்.