இடது கால்

சனிக்கிழமைக்குள்ள சொல்லிருங்க மேடம் என்கிறான்
அவினாசி ரோடு ஷோரூம் பையன் லிவின்குமார்.
படிவத்தில் இரண்டு கட்டம்:
மேனுவல், டூயல் கிளட்ச்.
"மேனுவல்னா அஞ்சு மாசம் ஆகுங்க.
விக்கறப்ப யாரும் கேக்கவும் மாட்டாங்க."
நான் இன்னும் வாங்கவே இல்லை,
அதற்குள் விற்றுவிட்டான்.

கணபதியில் எனக்குக் கியர் வெட்டும் பட்டறை.
பத்தொன்பது வருஷமாகப் பல் வெட்டுகிறேன்,
ஜின்னிங் மில்லுக்கு, கரும்பாலைக்கு,
தேங்காய் நார் மெஷினுக்கு.
என் பல் எதுவும் இந்த மாதிரிக் காருக்குள்
போனதில்லை. என்றாலும்
ஒரு கியர்பாக்ஸ்மேல் உள்ளங்கையை வைத்தால்
உள்ளே யார் யாரோடு பேச்சில்லை என்று தெரியும்.

டூயல் கிளட்ச் விஷயம் இதுதான்.
ஒரு தண்டில் ஒன்று, மூன்று, ஐந்து.
இன்னொன்றில் இரண்டு, நான்கு, ஆறு.
மூன்றில் நான் போய்க்கொண்டிருக்கையில்
நான்கு ஏற்கெனவே பல் கோத்து
வாளியோடு நிற்கும்,
கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவனைப் போல.
போதும் என்று இலையை மறைப்பதற்குள்
விழுந்திருக்கும்.

செட்டிபாளையம் ட்ராக்கில் இரண்டையும் ஓட்டினேன்.
ஸ்டாப்வாட்ச் பிடித்தது
நாத்தனார் வீட்டுக்காரர் துரைசெல்வம்.
மேனுவலில் ஒரு நிமிஷம் இருபத்திரண்டு.
அதில் ஒரு நிமிஷம் பத்தொன்பது.
"மூணு செகண்டுங்க" என்றார்
நகைக்கடைத் தராசைப் பார்க்கிற முகத்தோடு.
"அத எங்க போட்டீங்க?"

எங்கே போட்டேன்?
மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது
முன்பாதம் பிரேக்கில் இருக்க
வலது குதிகாலால் ஆக்சிலேட்டரை ஒரு சீண்டல்.
இன்ஜின் குரல் எழும்பி வந்து
பல்லும் பல்லும் சண்டையில்லாமல் சேரும்.
நாலு தரம் கரகரத்து
அஞ்சாம் தரம் சேர்ந்தது.
அந்த மூன்று நொடியில்தான் நான் இருந்தேன்
என்று சொல்லிவிடலாம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது.
முட்டி ஒப்புக்கொள்ளவில்லை.

இடது முட்டி. போன ஆடியில் ஜவ்வு தைத்தது.
ஹோப் காலேஜ் சிக்னலில்
அரைக் கிளட்சில் அரைமணி நேரம் தவழ்ந்தால்
ராத்திரி ஐஸ் பை கேட்கும்.
"காருக்கு ரெண்டு கிளட்ச் இருக்கட்டுமுங்க" என்றார்
எலும்பு டாக்டர் கயல்விழி,
"உங்களுக்கு அந்தப் பக்கம் ஒரு காலுதானே இருக்குது?"

சரி என்று டூயல் கிளட்சை
ஒருநாள் கேட்டு வாங்கித் திம்பம் ஏறினேன்.
இருபத்தேழு கொண்டை ஊசி.
நல்ல வண்டி. பொய் சொல்ல மாட்டேன்.
பதினேழு வளைவு வரை
நான் நினைத்ததை எனக்கு முன்பே நினைத்தது.
பதினெட்டில் மேலிருந்து கரும்பு லாரி,
ரோடு முழுவதையும் விழுங்கிக்கொண்டு.
பிரேக் மிதித்தேன்.
நிற்கப்போகிறேன் என்று அது முடிவுகட்டியது.
லாரிக்காரர் ஓரங்கட்டி, வா வா என்று கை காட்ட,
ஆக்சிலேட்டரை அழுத்தினேன்.

ஒரு இமைப்பொழுது
யாரும் யாருக்கும் பதில் சொல்லவில்லை.

அவ்வளவுதான். பிறகு பாய்ந்து ஏறிவிட்டது.
குற்றமென்று சொல்ல மாட்டேன்,
என் கணிப்பும் தப்பியிருக்கிறது, ஆளைக்கூட.
ஆனால் அந்த இமைப்பொழுதில்
என் இடது கால் தானாக எழுந்து
அங்கே இல்லாத பெடலை மிதித்தது.
வெறும் தரைவிரிப்பு.
வலிக்கவே இல்லை.
அதுதான் என்னவோ போலிருந்தது.

சனிக்கிழமை மேனுவலில் டிக் போட்டேன்.
லிவின்குமார் பேனாவைத் திருப்பி வாங்கத்
தயங்கினான், மனசு மாறுமென்று.
ஹோப் காலேஜ் பக்கம் ஸ்கூட்டரில் போய்க்கொள்கிறேன்.
மூன்று நொடியைக் கடனில் எழுதிக்கொள்ளச் சொன்னேன்
துரைசெல்வத்திடம்.
டாக்டரிடம் இன்னும் சொல்லவில்லை.

அஞ்சு மாசம் இருக்கிறது.
ரப்பர்ப் பட்டையைப் பாதத்தில் மாட்டி
தினமும் பத்துத் தரம் மிதிக்கச் சொல்லியிருக்கிறாள்
பிசியோ பெண்.
பதினொன்று மிதிக்கிறேன்.
பதினொன்றாவதை மட்டும்
மெதுவாக, மிக மெதுவாக விட்டுவந்து
பாதியில் ஓரிடத்தில்
பிடித்து நிறுத்துகிறேன்.