கலவைக்குத் தண்ணீர்

பேரையூர் ரோட்டிலிருந்து வேன் உள்ளே திரும்பியது.
பதினொரு பேர் இறங்கினார்கள்,
எல்லோருக்கும் ஒரே மஞ்சள் சட்டை,
முதுகில் வசனம்.
கையுறைகூடப் புதுசு.

வேதக்கோயில் சுவர் தோளளவு எழும்பியிருந்தது.
எங்கள் சட்டிகளை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.
அந்த வாரம் எனக்கும் கனியம்மாவுக்கும் கூலி இல்லை.
ஆண்டவருக்குத்தானே என்றார் பாஸ்டர்.
ஆண்டவருக்குத்தான்.
கனியம்மா நூறு நாள் வேலைக்குப் போய்விட்டாள்.
நான் தண்ணீர் ஊற்ற நின்றேன்.

கலவைக்கு எங்கள் தெருக் குழாய்.
அவர்கள் குடிக்கக் கேன் வந்தது,
நீல மூடி போட்டு, வேன் நிழலில்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
எங்கள் தெருவில் அது
சிமெண்ட்டுக்குக்கூடத் தெரியும்.

நாலாம் நாள் லிண்டல் கான்கிரீட். உச்சி வெயில்.
கேன் காலி,
கல்லுப்பட்டி போன வண்டி இன்னும் வரவில்லை.
ஷெர்லின் என்று ஒரு பெண், கண்ணாடிக்காரி,
கையுறையைக் கழற்றினாள்.
கொப்புளம் உடைந்து ஒட்டியிருந்தது.
என் குடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

நான் சொம்பை நீட்டவில்லை.
நீட்டி எத்தனை முறை திரும்பியிருக்கிறது.

அவளே மொண்டாள்.
அண்ணாந்து அல்ல,
வாய் வைத்தே குடித்தாள்,
கழுத்தெல்லாம் வழிய.
வேனருகே ஒரு பையன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று
இதைச் சாட்சியாகச் சொல்லமாட்டேன்.
தாகம் எடுத்தது, குடித்தாள்.

மறுநாள் புதுக் கேன்கள் இறங்கின, மூன்று.
அவள் எதில் குடித்தாள் என்று பார்த்திருப்பேன்,
அதற்குள் தானியேல் கொத்தனார் சாரத்திலிருந்து கத்தினார்:
'கலவை இளகிப்போச்சு, எவ ஊத்துனது?'
ஒரு சட்டி மணல் அள்ளிப் போட்டேன்.