ரயில் கொண்டுபோன சரணம்

இசையமைப்பாளர் துரைக்கண்ணு காலமானார் என்று
நேற்றுக் காலை டீவியின் அடியில் ஓடியது,
தங்கம் விலைக்கும்
வேலூரில் நூற்றெட்டு டிகிரி என்பதற்கும் நடுவில்.
எலுமிச்சை சோறு கிளறிக்கொண்டிருந்தேன்.
கரண்டி நிற்கவில்லை.
ஷிஃப்ட் எட்டு மணிக்கு.

அவரைப் பார்த்ததில்லை நான்.
கண்ணாடி போட்டவரா என்று கேட்டால்கூடச்
சொல்லத் தெரியாது.
எனக்கு அவர் ஒரு புல்லாங்குழல்.
அதுவும் முழுதாக இல்லை,
முதல் சரணம் முடிந்து இரண்டாவது தொடங்குமுன் வருகிற
அந்த நாற்பது நொடி மட்டும்.

குடியாத்தத்திலிருந்து ஆம்பூருக்குக் கம்பெனி பஸ்.
டிரைவர் ஜமால் பாயிடம் இருந்தது ஒரே கேசட்.
நெல்லூர்ப்பேட்டையில் கடைசிப் பெண் ஏறியதும்
பட்டனை அமுக்குவார்.
ஏ பக்கத்து நான்காவது பாட்டில் பல்லவி முடியும்போது
மேல்பட்டி தாண்டி ரயில்வே கேட்.
மூடியிருக்கும். எப்போதும் மூடியிருக்கும்.
இஞ்சினை அணைப்பார், பாட்டை அணைக்க மாட்டார்.
அந்த அமைதியில்தான் குழல் ஏறும்,
ஏறி, ஒரு படி இறங்கி,
எதையோ வைத்துவிட்டு வந்தவள்
பாதி வழியில் நிற்பாளே, அப்படி நிற்கும்.

ரயில் வரும்.
இரண்டாவது சரணத்தை ஒரு சொல் மிச்சமில்லாமல்
பெங்களூருக்கு அள்ளிக்கொண்டு போகும்.
கேட் திறக்கையில் கடைசிப் பல்லவி.

ஒன்பது வருஷம் இப்படி.

அந்தச் சரணத்துல அவன் அவள விட்டுட்டுப் போறான்
என்பாள் தில்ஷாத்.
இல்லடி, திரும்பி வரான், என்பாள் எஸ்தர்.
நீங்க இன்னாத்த கண்டீங்க,
அது ஆத்தப் பத்தின பாட்டு, என்றாள் ஒருநாள் பூங்காவனம்,
மணல் லாரிகளைப் பார்த்துக்கொண்டே.
நான் எதுவும் சொன்னதில்லை.
அந்த வருஷம்தான் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து
ஒரே ஒரு பையோடு வந்திருந்தேன்.
ரயில் சத்தத்தில் வாய்விட்டுப் பேசினால்
பக்கத்து சீட்டுக்கும் கேட்காது.
பேசியிருக்கிறேன்.
அவர் மெட்டில்தான் பேசினேனா, தெரியாது.

கம்பெனிக்குள் பாட்டு கூடாது.
இருநூறு மெஷின் ஒன்றாக ஓடும்போது
அவரவர் மெஷினில் அவரவர் பாட்டு.
ஷூவின் நாக்குக்கு ஓரத் தையல் என் வேலை.
குழல் ஏறும்போது ஏழு தையல்,
நிற்குமிடத்தில் தோலைத் திருப்பணும்,
இறங்கும்போது ஐந்து.
உன் லைன்லதான் ரிஜெக்ட் வர்றதில்ல என்பார் சூப்பர்வைசர்.
எந்த ஊர்ப் பனியிலோ எவனோ ஒருத்தன்
துரைக்கண்ணுவை மாட்டிக்கொண்டு
பஸ்ஸுக்கு ஓடுகிறான்.

பிறகு பாலம் கட்டினார்கள்.
பஸ் நிற்கவே இல்லை.
ஜமால் பாய்க்கு முட்டி போய்விட்டது,
அடுத்து வந்த பையன் எஃப்எம் வைத்தான்.
போனில் தேடியிருக்கலாம். தேடவில்லை.

நேற்று ராத்திரி டீவியில் அவர் பாட்டாகவே போட்டார்கள்.
ஏழாவதாக வந்தது.
குழல் ஏறியது, படி இறங்கியது, நின்றது.
கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.
ரயில் வரவில்லை.

உதடு தேனாம். இடை கொடியாம்.
விழி என்னவோ ஆயுதமாம்.
யாரும் போகவில்லை, யாரும் வரவில்லை,
ஆறும் இல்லை.

எஸ்தருக்கு போன் போட்டேன்.
கேட்டியா?
கேட்டேன்.
வெறும் இடுப்புதானாடி?
சிரித்தாள். ரொம்ப நேரம் சிரித்தோம்.
அப்புறம், வார்த்தை அவர் எழுதினதில்லையே, என்றாள்,
சொந்த அண்ணனை விட்டுக்கொடுக்காதவள் மாதிரி.

இன்று என் லைனில்
இரண்டு ஜோடி திரும்பி வந்தது.
ஐந்து இருக்கவேண்டிய இடத்தில் ஆறு தையல்.
நிற்குமிடத்தில்
நிற்காமல் போயிருக்கிறேன்.