சிரசு

வைகாசி ஒன்று.
நாலு மணிக்கே மோட்டார் போட்டுவிட்டாள்.
மாடி போர்ஷனில்
மஞ்சள் பூசிக் குளிக்கிற சத்தம்.
பாஸ்போர்ட்டில் கிரேட்டா வான்டெர்மேர்,
வாடகை ரசீதில் ரேணுகா,
கோபாலபுரத்துப் பூக்காரிக்கு
'இன்னா வெள்ளக்காரம்மா.'

மதம் மாறிய சான்றிதழை
லேமினேட் செய்து வைத்திருக்கிறாள்.
பெரிய கோயில்களின் கொடிமரத்தடியில்
அதை நீட்டிக்கொண்டு நிற்பாளாம்,
செக்போஸ்ட்டில் லாரிக்காரன் மாதிரி.
குடியாத்தத்துக் கெங்கையம்மன் கேட்டதில்லை.
அவளிடமே என்ன சான்றிதழ் இருக்கிறது?
தலை ஒருத்தியுடையது,
உடம்பு இன்னொருத்தியுடையது.

பச்சை மணலில் குடம் வனைந்தவள்
தண்ணீரில் ஒரு நிழலைப் பார்த்தாள்.
அதற்கு ஒரு கோடாலி.
அடைக்கலமென்று ஓடிவந்தவளைக்
கட்டிக்கொண்டாள் சேரிக்காரி.
மகன் இருவரையும் சேர்த்தே வெட்டினான்.
உயிர் கொடுக்கிற அவசரத்தில்
தலைகளை மாற்றி வைத்தான்.
பேர் வைக்கும்போது எல்லோரும்
தலைக்குத்தான் வைத்தார்கள்.
உடம்பு எங்கள் தெரு.

எங்கள் தெரு இப்போது சர்ச் தெரு.
என் பூட்டன் சின்னான்
பஞ்சத்து வருஷம் ஞானஸ்நானம் வாங்கி
ஏசுவடியான் ஆனார்.
தண்ணீர் தெளித்த துரைக்கு எந்த ஊர் என்று
குடும்ப பைபிளின் முதல் தாளில் இருக்கிறது.
ஒருநாள் இவளிடம் காட்டினேன்.
விரலை ஓட்டி ஓட்டி வாசித்தாள்.
மிச்சிகன்.
அவள் அப்பாவின் பண்ணையிலிருந்து
பதினாறே மைல்.
"மன்னிக்கவும்" என்றாள்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.
அவளுக்கும் தெரிந்திருக்காது.
காபி ஆறிப்போனது.

எனக்கு அவள் மேல் கோபம் இருந்தது,
சொல்லிவிடுகிறேன்.
நாங்கள் வீசிவிட்டு வந்ததையெல்லாம்
வாசலில் குனிந்து பொறுக்கியவள் மாதிரி
ஆடியில் கூழ் ஊற்றினாள்,
நிலைப்படியில் வேப்பிலை செருகினாள்,
அம்மனோடு தினமும்
இலக்கணப் பிழையோடு சண்டை போட்டாள்.
"நீ என்னைக் கூப்பிட்டாய்.
கூப்பிட்டுவிட்டு ஏன் பேச மாட்டான்?"
கீழே என் வீட்டுக்காரர்
போர்வைக்குள் சிரிப்பார்.
நானும்தான்.

மாசியில் ஓர் இரவு
அவள் அம்மா இறந்துபோன செய்தி வந்தது.
பதினோரு மணிக்கு மேல்
மாடியில் மணிச்சத்தம், கற்பூர வாசம்,
பிறகு ஒரு பாட்டு.
அம்மன் படத்துக்கு எதிரே உட்கார்ந்து
சின்ன வயதுக் கோயில்பாட்டு ஒன்றைப் பாடுகிறாள்.
அழுவதற்கு அவளுக்குத் தெரிந்த பாஷை
அது ஒன்றுதான் போல.
சொல் புரியவில்லை.
ராகம் எனக்குத் தெரியும்.
கல்லறைத் தோட்டம் வரை
நாங்கள் பாடிக்கொண்டு போவது.
படிக்கட்டின் மூன்றாம் படியில் உட்கார்ந்து
இருட்டில் நான் ஆல்டோ எடுத்தேன்,
தமிழில்.
மேலே குரல் ஒரு கணம் நின்றது.
பிறகு தொடர்ந்தது.
அம்மன் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள்.
அந்நேரத்தில் வேறென்ன வேலை?

மறுநாள் அதைப்பற்றி
இருவருமே பேசவில்லை.
வாடகை மட்டும்
இரண்டு நாள் முன்னதாக வந்தது.

இதோ, தரணம்பேட்டையிலிருந்து
மேளம் கிளம்பிவிட்டது.
ஈரத் தலையோடு படியிறங்குகிறாள்.
மஞ்சளுக்கடியில் வெயிலில் வெந்த தோல்,
வெறுங்கால்.
"வர்றீங்களா சுகிர்தம்?"
"பாஸ்டர் கேட்டா யாரு பதில் சொல்றது?
நீ போய்ட்டு வா."
அவளை நான் 'நீ' என்று சொன்னது
அதுதான் முதல் தடவை.

மொட்டை மாடியிலிருந்து பார்த்தேன்.
சிரசு வருகிறது.
பூக்குவியலுக்கு நடுவே மூக்குத்தி,
கோரைப்பல், இமைக்காத கண்.
தெரு நெடுகத் தேங்காய் உடைகிறது.
கூட்டத்தில் ஒரே ஒரு சோளப்பட்டு முடி
முன்னால் போகிறது,
பின்னால் தள்ளப்படுகிறது,
சரிகிறது.
யாரோ ஒருத்தி இடுப்பைப் பிடித்து நிறுத்துகிறாள்.
மேலிருந்து பார்க்கிறவர்களுக்குத்
தலைகள் மட்டும்தான் தெரியும்.

சில்லு ஒன்று மாடிவரை எகிறி
என் காலடியில் விழுந்தது.
சுற்றுமுற்றும் பார்த்தேன்.
ஓட்டிலிருந்து பருப்பைக் கீறித் தின்றேன்.
கால் நனைகிறதே என்று
அப்புறம்தான் திரும்பினேன்.
தொட்டி நிரம்பி வழிகிறது.
பாவி,
மோட்டாரை நிறுத்தாமலே போயிருக்கிறாள்.