ஆறாவது பாட்டு

ஒன்பது பேர் குரல்.
ஒன்றரை வருசம், மூணு ஹெட்போன்.
தத்தனேரி மொட்டைமாடி ரூமில்
ஆல்பத்தை முடித்தேன்.

வெளியான ராத்திரி
அவரவர் வரியை அவரவர் கேட்டார்கள்.
பேஸ் போட்டுத் தன் குரலை அமுக்கிவிட்டேனென்று
செல்லூர் ஜெயக்கொடி போன் எடுக்கவில்லை.
மேலூர்க்காரன் அனுப்பியது
ஒரு கட்டைவிரல்.

நாலாம் நாள்,
மாட்டுத்தாவணி ஷேர் ஆட்டோவில் என் சத்தம்!
முதல் பாட்டை இருபது நொடியில் தள்ளினார் டிரைவர்.
அடுத்ததை அதற்கும் முன்பே.
நான் பின்சீட்டில்,
கால்மேல் யாருடைய வெங்காய மூட்டையோ.

ஆறாவதில் கை நின்றது.

கரண்ட் போன மத்தியானம்
பீட் இல்லாமல்
ரஹ்மத்நிசா போனில் பேசிப் பதிந்தது அது.
அவள் மூச்சு, கீழ்வீட்டுக் குக்கர்,
"தண்ணி லாரி வந்துருச்சு" என்று எவரோ கத்துவது.
வெட்டச் சோம்பல்பட்டு விட்டுவைத்திருந்தேன்.

மூன்றாவது விசிலுக்குச் சரியாக
ஸ்டியரிங்கைத் தட்டினார்.
"இதுக்கு மியூசிக் போட்டவன்
வெவரமான ஆளுண்ணே" என்றது முன்சீட்டு.
கோரிப்பாளையம் சிக்னலில்
மறுபடியும் முதலிலிருந்து.

என் பேர் தொண்டைவரை வந்தது.
"சிம்மக்கல்ல நிப்பாட்டுங்க" என்றேன்.