ஓடாத மைக்

குமரகிரி சவுண்ட் சர்வீஸ், அம்மாப்பேட்டை.
காதுகுத்து முதல் கட்சிக் கூட்டம் வரை
இருபத்திரண்டு வருஷமாக
இந்த ஊரின் தொண்டையை
டாட்டா ஏஸில் ஏற்றி இறக்குகிறவன் நான்.

அஸ்தம்பட்டி ஹாலில் அந்த அம்மாள்
என் மைக்கை ஒரு விரலால் தொட்டு,
தூங்குகிற பிள்ளையை நகர்த்துவது போல
ஓரமாக நகர்த்தினாள்.
"இது வேண்டாங்க. ஃபேனையும் நிறுத்திடுங்க."

மே மாசம். சேலம். ஃபேனை.

ஜெசிந்தா அமலோற்பவம்.
சூரமங்கலம் ரயில்வே காலனி, கூட்ஸ் கார்டு மகள்.
ஸ்பெயின் தேசத்துப் பழம்பாட்டில்
முப்பத்தோரு வருஷம் என்றது நோட்டீஸ்.
நோட்டீசில் இல்லாததை டீ குடிக்கும்போது அவளே சொன்னாள்:
ஓப்பராவுக்குப் போ, காசு உண்டு என்றவர்கள்;
சேலை கட்டிக்கொண்டு பாடேன் என்றவர்கள்;
மழை நாளில் ஒரு மடாலயத்தில் நாற்பது பேர் வந்து
முப்பத்தெட்டுப் பேர் இருமியது.

கூட வந்த மெலிந்த மனுசன் மடியில் விகுவேலா.
கிட்டாருக்குப் பெரியம்மா முறை ஆகவேண்டும்.
கொலுசுக் கடையில்
தராசுத் தட்டு இறங்குகிற அளவுதான் அதன் பேச்சு.
அதற்காகத்தான் ஃபேன்.

முதல் பாட்டு ஆரம்பித்ததே எனக்குத் தெரியவில்லை.
சுவிட்சில் கை வைத்துக் காத்திருந்தேன்.
மூன்றாம் வரிசையில் ஒருவர்
நோட்டீசால் விசிறுவதை நிறுத்தினார்.
அப்புறம்தான் என் காது அந்தப் பக்கம் போனது.

ராஜசபைப் பாட்டுகள் நாலு,
பக்கத்து மெழுகுவர்த்தி அணையாமல் மூச்சு விடுகிற மாதிரி.
அடுத்து ஆலிவ் மரம் உலுக்குகிறவர்கள் பாட்டு.
அதற்குத் தொண்டையையே மாற்றிப் போட்டாள்:
செவ்வாய்ப்பேட்டையில் மூட்டையோடு வழி கேட்கிற குரல்.
வெளியே லாரி ஹாரன் அடித்தது.
அவள் காத்திருந்து, அது முடித்த இடத்திலிருந்து எடுத்தாள்.

பிறகு ஒரு தாலாட்டு.
ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட யூதர்கள்
வீட்டுச் சாவியோடு கொண்டுபோனதாம்.
பூட்டு போய், கதவு போய், தெருவும் போய்
சாவி மட்டும் கைமாறி வருகிறது.
இதைச் சொன்னபோது
சூரமங்கலம் இருக்கும் பக்கத்துச் சுவரைப் பார்த்தாள்.
அந்தக் குவார்ட்டர்ஸை இடித்து நாலு வருஷம்.
எனக்குத் தெரியும்.
புதுக் கட்டடப் பூமிபூஜைக்கு ஸ்பீக்கர் நான்தான் கட்டினேன்.

"ஒரு தமிழ்ப் பாட்டு, மேடம்!"
பின் வரிசை. எந்த ஊரிலும் ஒருவர் இருப்பார்.
அவள் சிரித்தாள்.
"அரை வேற, அறை வேறன்னு தெரிஞ்ச நாக்கு இது.
அங்கே முதல் வகுப்பில் எல்லாரும் அந்த 'ற'வுக்குத் திண்டாடினாங்க.
அந்த ஒரு எழுத்தை வெச்சுத்தான்
முப்பத்தோரு வருஷம் பிழைச்சேன்.
இவ்வளவு நேரம் நீங்க கேட்டதில்
பாதி அதுதாங்க."
கேட்டவருக்குத் திருப்தியில்லை. உட்கார்ந்துகொண்டார்.

பில் எழுதினேன்:
மைக் ஒன்று, நின்றது. ஸ்பீக்கர் இரண்டு, நின்றன.
ஆள் கூலி மட்டும்.
முழு வாடகையும் கொடுத்துவிட்டு,
"சும்மா இருப்பதுதானே கஷ்டம்" என்றாள்.

ராத்திரி பத்து மணிக்குப் பொன்னம்மாப்பேட்டையில் ரிசப்ஷன்.
நாதஸ்வரக்காரர் சீவாளியை ஈரப்படுத்துகிற சின்னச் சத்தம்
அன்றைக்குத்தான் கேட்டேன்.
என்னையறியாமல் வால்யூமை இரண்டு கட்டை இறக்கியிருந்தேன்.

மாப்பிள்ளையின் சித்தப்பா ஓடி வந்தார்.
"ஏம்ப்பா, செட்டு ரிப்பேரா?"