மெயில் போன பிறகு

கொழும்புக்குப் போகும் இரவு மெயில்
அறிவியல்நகரைக் கடக்கும்வரை
நாங்கள் எதையும் தொடுவதில்லை.
கடந்த பிறகும் காலபோக அறுவடை:
கண்டி வீதியில் நெல்லேற்றிய லொறிகள்,
ஒவ்வொன்றுக்கும் மேசை அதிர,
திரையில் கண்ணாடி நார்
கிணற்றுக் கயிறாய்ப் பெருத்து ஆடும்.

பகலில் செய்த பதினேழு நுனியும் பிழை.
ஒன்று ஒழுகிப்போய் வேப்பங்கொட்டை.
ஒன்றைப் 'பாலைப்பழம்' என்று
கொப்பியில் எழுதிவிட்டுப் போயிருந்தான் யதுகுலன்.

இப்போது நானும் எழில்வதனியும்தான்.
மேற்பூச்சை உரித்து
ஸ்பிரிட் தோய்ந்த தாளால் துடைக்கிறாள்.
கீச்சென்றால் சுத்தம்.
பிறகு வெட்டியில் ஒரு 'டிக்'.
மயிரைவிடக் கொஞ்சம் தடிப்பு.
இதுவும் மண்ணில் பிறந்ததுதான்;
எந்த மண்ணென்று பெட்டியில் இல்லை.

இந்த லேசருக்கு நிறமில்லை.
அது தொட்ட இடம் வெளுத்து எரிவதே
அது வந்துபோன அடையாளம்.
நாற்பது மில்லிசெக்கன்,
எங்கள் வேலை அவ்வளவுதான்.
உருட்டுவது நாங்களில்லை.
இளகிய கண்ணாடி
தன் தோலைத் தானே இறுக்கி உருண்டைக்கு வரும்.
கூடினால் தொங்கும்,
குறைந்தால் விளிம்பு விறைத்து நிற்கும்.

"ஸ்..." என்றாள்.
வெட்டிய துண்டு விரலில்.
பார்த்தால் ஒன்றுமில்லை.
விளக்கைச் சரிக்க ஒரு கீற்று மினுங்கி மறைந்தது.
ஒட்டுநாடாவை ஒட்டி உரித்தோம், ஒட்டி உரித்தோம்.
மூன்றாம் தரம்,
"வந்திட்டுது."

மற்றக் கையால் தோள்மூட்டைத் தடவினாள்.
"இது வராது.
ஒன்பது வயசிலயிருந்து கிடக்கு.
மழைக்கு மட்டும் கதைக்கும்."

என்னிடம் ஒரு கேள்வி இருந்தது.
லேசரில் பச்சை விளக்கும் வந்துவிட்டது.
அவள் அடுத்த நாரை எடுத்தாள்.

பதினெட்டு.

மறுமுனையில் சிவப்பொளி கொடுத்து
நுனிக்கெதிரே வெள்ளை அட்டையைப் பிடித்தாள்;
ஒரு மயிரிழை முன்னே, ஒரு மயிரிழை பின்னே.
பரந்த சிவப்பு ஒடுங்கி ஒடுங்கி
எறும்பின் கண்ணளவுக்கு வந்தது.

வெளியே லொறி.
புள்ளி நடுங்கியது.
"பொறு" என்றாள்,
லொறியிடமா என்னிடமா தெரியவில்லை.
மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம்,
டீசல் சத்தம் முறிகண்டிப் பக்கம் தேய்ந்து
புள்ளி நின்ற இடத்தில் நிற்கும்வரை.

இரண்டு இருபது.
கொப்பியில் எழுத
எந்தப் பழமும் வாய்க்குள் வரவில்லை.
இலக்கத்தை மட்டும் எழுதிவிட்டு
பேனையை அவளிடம் கொடுத்தேன்.